ராத்திரிக் கதையைக் காலையில் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை டிவி மேசையைத் துடைக்கும்போது துணி ரிமோட்டில் பட்டு டிவி விழித்துக்கொண்டது. நீங்கள் பார்த்த பழைய பெட்டி இப்போது இல்லை. இது போட்டவுடன் யார் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டு இரண்டு பொம்மை முகங்களைக் காட்டுகிற டிவி. மஞ்சள் முகம் காவ்யாவுக்கு. ஆந்தை முகம் எனக்கும் அவள் அப்பாவுக்கும். ஆந்தையைத் தேர்ந்தெடுத்தவள் காவ்யாதான். "நீங்க ரெண்டு பேருந்தான் எப்பப் பாத்தாலும் முழிச்சிக்கினு பயந்துக்கினு இருக்கீங்க" என்றாள்.

நான் மஞ்சள் முகத்தை அமுக்கினேன். பாதியில் விட்டவை வரிசையாக வந்தன. முதலில் இருந்த படத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு விடுதி வராந்தாவில் நிற்கிறாள். படத்தின் அடியில் எதுவரை பார்த்திருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு, ஆறாம் பாகத்தின் நடுவில் நின்றுவிட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலாக அங்கேயே நிற்கிறது. எங்கள் வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை.

துணியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்களுக்கு போன் போட்டு, "அக்கா, இத நீங்க பாத்துட்டீங்களா?" என்று கேட்க வேண்டும்போல இருந்தது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரே அலுவலகத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த வருடங்களில், என்னைவிடப் பத்து வயது மூத்த நீங்கள் பஸ்ஸுக்கே அக்கா. பெங்களூரிலிருக்கும் உங்கள் மகன் உங்கள் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தானே, அதிலிருந்து ஆரம்பித்தது. ராத்திரி டிவியில் வரப்போகும் தொடரை, பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அன்று விடியும்போதே அதில் போட்டுவிடுவார்கள். நீங்கள் பால் காய்ச்சிக்கொண்டே பார்த்து முடித்துவிடுவீர்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது, ராத்திரி ஊரே உட்கார்ந்து அழப்போவது உங்களுக்கு ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

கண்டக்டர் டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டே வருவார். "இன்னாக்கா, அந்தப் பொண்ணு வூட்ட வுட்டுப் போச்சா இல்லையா?"

"பொட்டிய எடுத்துட்டா. வாசப்படிகிட்ட வந்து நிக்கிறா. அங்கியே நிறுத்திட்டானுங்க."

"நாலு நாளா பொட்டிதான எடுக்குறா?"

"அவளாச்சும் பொட்டிய எடுத்தா. நீ மொதல்ல பின்னாடி போயி டிக்கெட்டப் போடு."

ஆலப்பாக்கத்தில் ஏறும் நர்ஸ் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "ஐயோ அக்கா, நான் நைட்டு பாக்கணும், சொல்லாதீங்க!"

"அப்ப நீ டிரைவர் பக்கத்துல போயி குந்து. அவருக்குக் கத புடிக்காது."

அவள் போகமாட்டாள். முட்லூர் தாண்டுவதற்குள் விரல்களுக்கு நடுவில் இடைவெளி வந்துவிடும். "சரிக்கா, அவன் செத்துட்டானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

அந்தத் தொடர்களைப் பார்த்தவர்களில் உங்களைவிட அதிகமாக அவற்றைத் திட்டியவர் இருக்க முடியாது. ஒரு முகத்தை மூன்று முறை இடி முழக்கத்தோடு காட்டுவதை நீங்கள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து நடித்தே காட்டுவீர்கள். "எவளாச்சும் பஸ்ல போயி பாத்திருக்கியா உமா? எவளாச்சும் பாத்திரம் வெளக்கி? பட்டுப் பொடவயோட தூங்கறாளுங்க, எழுந்திரிச்சா மைகூட கலையல. டாக்டர் வந்து கண்ணாடியக் கழட்டினா போச்சு, ஒரு வாரத்துக்கு அழுக." இவ்வளவு கோபம் இருந்தால் ஏன் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "திட்டறதுக்கு யாராச்சும் வேணும் இல்ல? வூட்ல இருக்கறவரத் திட்டினா சாப்புடாம போய்டுவாரு. இவுளுங்க நாளைக்கும் வருவாளுங்க" என்றீர்கள்.

பஸ் முழுவதற்கும் பொதுவாகச் சொன்னது போக, எனக்கென்று தனியாக ஒன்று செய்தீர்கள். முடிவு தெரியாமல் எதையும் பார்க்க முடியாதவள் நான். மற்றவர்களுக்கு முடிவு தெரிந்தால் கதை கெட்டுவிடும். எனக்குத் தெரியாவிட்டால் வயிறு கெட்டுவிடும். திரையில் ஒரு குழந்தை தண்ணீர்ப் பக்கம் நடந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். சுனாமி அலை வந்த வருடம் என் சித்தி குடும்பம் தேவனாம்பட்டினத்தில் இருந்தது. அந்தக் காலைக்குப் பிறகு எனக்கு எதுவும் திடீரென்று நடக்கக் கூடாது. இதை நான் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை, உங்களிடமும். நீங்களும் கேட்கவில்லை. நான் பார்க்க நினைக்கும் படத்தை எனக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவதென்று ஒரு பழக்கம் தானாக வந்தது.

"பாரு" என்பீர்கள். அல்லது "இது உனக்கு ஆவாது, வுட்டுடு." சில படங்களுக்கு மட்டும் வழி சொல்லி அனுப்புவீர்கள். "இண்டர்வெல்லுக்கு அப்பறம் அந்தக் கொழந்த பால்கனிக்கு வரும். அப்ப எழுந்து போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வா. ஒன்னும் ஆவாது. நீ வர்றதுக்குள்ள அது உள்ள வந்துடும்." நான் அப்படியே செய்வேன். தண்ணீர் குடித்துவிட்டு வரும்போது குழந்தை சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும்.

எனக்குக் கடலூருக்கே மாறுதல் வந்த பிறகு பஸ் பேச்சு போன் பேச்சாயிற்று. காவ்யா வளர்ந்து எங்கள் வீட்டிலும் வெப் சீரிஸ் நுழைந்தது. உங்களுக்கு அவை பிடிக்கவேயில்லை. "எல்லாம் ஒரே இருட்டு. கொல நடந்த வூட்ல ஒருத்தனாச்சும் லைட்டப் போடறானா? டார்ச் அடிச்சிக்கினு தேடறானுங்க. போலீஸ்காரன் பொண்டாட்டி எப்பப் பாத்தாலும் அவன வுட்டுட்டுப் போய்ட்டிருப்பா. இப்பிடி இருட்லயே இருந்தா யாருதான் இருப்பா?" ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பிப்பது உங்களுக்குப் பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது. எழுந்திருக்க விடாமல் முந்தானையைப் பிடித்து இழுக்கிறான் என்பீர்கள். தமிழில் பேசும் கொரியன் தொடர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. அந்த ஊர் மாமியார்கள் கொஞ்சம் பரவாயில்லை என்பது உங்கள் கட்சி.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது, நீங்கள் அதைக் கேட்டுச் சிரித்தீர்கள். பழைய தொடரில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் பயந்தால் போதும், மிச்சப் பயத்தை நாளைக்குத் தள்ளிப் போடலாம். இதில் எட்டு பாகத்தையும் ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டிவிடுகிறார்கள். அவ்வளவு பயத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு என்னைப் போன்றவள் என்ன செய்வாள்?

இப்போது காவ்யாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அவள் சிதம்பரத்தில் படிக்கிறாள். முதல் வருடம் நாம் போன மாதிரியே பஸ்ஸில் போய்வந்தாள். இரண்டாம் வருடம், அண்ணாமலை நகர் பக்கத்தில் தோழி ஒருத்தியோடு அறை எடுத்துத் தங்குகிறேன் என்றாள். போகவரப் பஸ்ஸில் வீணாகும் மூன்று மணி நேரத்தில் படிக்கலாமே என்று அவள் அப்பாவும் சம்மதித்தார். ஆரம்பத்தில் தினமும் பேசினாள். பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை. பிறகு நான் கூப்பிட்டால் மட்டும். "சாப்ட்டியா?" "ம்." "என்ன சாப்ட்ட?" "சாப்ட்டேம்மா, வெக்கிறேன்." ஒரு சனிக்கிழமை நேரில் போய் நின்றேன். "சொல்லாமக்கொள்ளாம வராதீங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு தீபாவளிக்கு வந்தவள் முழு நேரமும் படுத்தே கிடந்தாள். படிப்புச் சோர்வு என்றாள். நாங்கள் நம்பினோம்.

அப்போதுதான் நான் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவள் போனில் பார்த்தால் அது எங்கள் டிவியிலும் தெரியும் அல்லவா? ஆபீஸ் விட்டு வந்ததும் மஞ்சள் முகத்தை அமுக்குவேன். நேற்று இரண்டாம் பாகத்தில் இருந்த கோடு இன்று மூன்றாம் பாகத்துக்கு வந்திருக்கும். அப்பாடா என்று இருக்கும். சாப்பிட்டிருக்கிறாள், படுத்துக்கொண்டு ஒரு பாகம் பார்த்திருக்கிறாள், தூங்கியிருக்கிறாள் என்று நானாக ஒரு நாளைக் கட்டிக்கொள்வேன். அவள் பேசாத நாட்களில் அந்தக் கோடுதான் என்னிடம் பேசியது.

நிம்மதி சில நாள்தான். அது என்ன தொடர் என்று பார்த்தேன். கல்லூரி விடுதியில் இருக்கும் ஒரு பெண் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வருகிறாள். ஒருநாள் காலையில் அவள் கட்டில் காலியாக இருக்கிறது. அறிமுகத்தில் போட்டிருந்தது அவ்வளவுதான். ஆந்தை முகத்துக்குப் போய் முதல் பாகத்தை ஓடவிட்டேன். வயலினில் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே போகும் ஓர் இசை, பிறகு அந்தக் காலிக் கட்டில். ரிமோட்டைத் தேடி எடுத்து நிறுத்தினேன்.

இதை ஏன் என் மகள் பார்க்கிறாள்? தினமும் ஏன் பார்க்கிறாள்? அதில் தன்னைப் பார்க்கிறாளா? அந்தப் பெண் கடைசியில் கிடைத்துவிடுகிறாளா? இந்தக் கேள்விகளோடு ஆபீஸில் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரே நாளில் எட்டையும் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்திருப்பீர்கள்.

முடிவை விளக்குகிறேன் என்று போனில் வீடியோ போடும் ஒரு பையனிடம் போனேன். மூஞ்சியில் பாதியைப் பெரிதாக்கி, வாயைப் பிளந்தபடி படம் வைத்திருந்தான். "மக்களே, கடைசியில என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா ஆடிப்போயிடுவீங்க" என்று ஆரம்பித்து, அதற்கு முன்னால் மணியை அமுக்கச் சொல்லி, தலைமுடி உதிர்வுக்கு ஓர் எண்ணெயை விற்றான். நான் அணைத்துவிட்டேன். ஆடிப்போவதற்கு எனக்கு அவன் தேவையில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் பேசுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனி, ஷிஃப்ட், தோட்டத்தில் நாலு கத்தரிச்செடி. மகள் படம் பார்ப்பதை வைத்துப் பயப்படுகிறேன் என்றால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காதில் இயர்போன். போனில் அதைச் சரியாகச் செருகவில்லை போலிருக்கிறது, சத்தம் வெளியிலேயே வந்துகொண்டிருந்தது. ஒரே சுரத்தை இழுக்கும் அந்த வயலின்.

"என்னங்க பாக்கறீங்க?"

திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் மாதிரி போனைத் தொடைக்கு அடியில் வைத்தார். "சும்மா. ஒன்னும் இல்ல."

"அது காவ்யா பாக்கற தொடராச்சே?"

கீழே தோட்டத்துச் செடிகளைப் பார்த்தபடி சொன்னார். "பாப்பா போன்லயே பேச மாட்டேங்குது. இன்னாதான் பாக்குதுன்னு தெரிஞ்சா, இன்னா நெனைக்குதுன்னு தெரியும்னு… அது பேர்லயே போயி அது வுட்ட எடத்துலேர்ந்து பாக்கறேன்."

"எங்க விட்டிருந்தா?"

"மொதல் பாகத்துல. பத்து நிமிஷங்கூட பாக்கல."

"மத்ததெல்லாம்?"

"நான்தான்."

அக்கா, உலர்ந்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மாடிச் சுவரில் சாய்ந்தேன். இத்தனை நாளும் நான் பார்த்து மூச்சுவிட்டது இந்த மனிதர் நகர்த்திய கோட்டை. மகள் சாப்பிட்டாள், படுத்தாள், தூங்கினாள் என்று நான் கட்டிய நாட்கள் எல்லாம் தொட்டி நிழலில் இவர் கழித்த நாட்கள்.

"அவ எப்பங்க கடைசியா பார்த்தா?"

"அது தீவாளிக்கு முன்னாடி." சொன்ன பிறகுதான் அவருக்கும் அது என்னவென்று உறைத்தது. முகம் மாறிவிட்டது. "அதுக்கப்பறம் அது எதையுமே பாக்கல உமா. வேற எதுலயும் கோடு நகரல. நான் பாத்தேன்."

"இதுல அந்தப் பொண்ணு…"

"ரெண்டரை பாகம் பாக்கி. எனக்கு பயமா இருக்கு. நீ பாரேன்."

என்னையா பார்க்கச் சொல்கிறார்! அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே வந்து காவ்யாவைக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டோம். அவருக்கு மாலை ஷிஃப்ட். கம்பெனியில் சொல்லிவிட்டு நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினார், பிறகு அவரே நின்றார். "நான் வந்தா அது வாயத் தொறக்காது. நீ போ. போயி போன் பண்ணு." நான் கட்டியிருந்த சேலையோடு கிளம்பிவிட்டேன்.

அதே பஸ்தான், அதே சாலை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முன்சீட்டில் ஒரு பெண் போனில் ஏதோ தொடர் பார்த்துக்கொண்டு வந்தாள், காதில் அடைத்துக்கொண்டு, தனியாக. இந்தப் பஸ்ஸில் இப்போது எல்லோரும் அப்படித்தான். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு கதை ஓடுகிறது, சத்தம் எதுவும் இல்லை. யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை மகள் எண்ணையே மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தேன்.

பாலத்தில் உங்களைக் கடைசியாகப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. புதுச்சேரி மருத்துவமனையில் தலையணையில் போனைச் சாய்த்துவைத்து ஒரு சமையல் போட்டி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "உப்பு பத்தலன்னு சொல்றானுங்க. நம்ப நாக்குலயா போட்டுப் பாத்தோம்? அவனுங்க சொன்னா சரி" என்று சிரித்தீர்கள். முகம் பாதியாகியிருந்தது. நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு? சரியாயிடும் இல்ல?"

"உமா, நான் பாக்காத எபிசோட என்னிக்காச்சும் உனக்குச் சொல்லியிருக்கேனா?"

"இல்லக்கா."

"அப்பறம் இன்னா? அந்த ஜன்னலக் கொஞ்சம் தொற. வேர்க்குது."

அன்று வீடு திரும்பும்போது உங்கள் மேல் எனக்குக் கோபம். பால்கனிக் குழந்தைக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொன்னவருக்கு, எனக்காக அந்த ஒரு பொய்யைச் சொன்னால் என்ன? சொல்லியிருந்தால் இரண்டு வாரம் தூங்கியிருப்பேனே. பால்கனிக் குழந்தையை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னீர்கள், இதை நீங்கள் பார்க்கவில்லை. அந்த வித்தியாசம் அன்று எனக்குப் புரியவில்லை. உங்கள் காரியத்துக்கு மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தபோதும் புரிந்திருக்கவில்லை.

அண்ணாமலை நகரில் இறங்கி நடந்தேன். ஓட்டமும் நடையுமாக. மாடிப்படி ஏறும்போது எனக்குள் அந்தக் காலிக் கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. "பாப்பா, அம்மாடி" என்று பலமாகத் தட்டினேன். எதிர் அறைப் பெண் எட்டிப் பார்த்தாள். "உள்ளதான் ஆன்ட்டி இருக்கா. நாங்க தட்டினாலும் சீக்கிரம் தொறக்க மாட்டா" என்றாள். அந்த "இருக்கா"வைக் கேட்டதும் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திறந்தாள். எண்ணெய் காணாத தலை, கசங்கிய நைட்டி. அறைத் தோழி ஊருக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. ஜன்னலில் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு இருட்டாக்கி வைத்திருந்தாள். மேசையில் காய்ந்துபோன பிரெட் பாக்கெட். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "வாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டு, "கதவத் தொறந்துட்டா" என்றேன். பின்னால் மிஷின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு வைத்துவிட்டார்.

கீழே போய் இட்லி வாங்கிவந்து ஊட்டினேன். பாதியில் நானே உளறினேன். "அந்த ஹாஸ்டல் பொண்ணு தொடரப் பாத்துதான் உனக்கு இப்பிடி ஆச்சோன்னு…"

"எந்தத் தொடரு?" அவளுக்கு ஞாபகமே இல்லை. பிறகு சொன்னாள், "அந்த ஆப்பே என் போன்ல இல்லம்மா. எப்பவோ எடுத்துட்டேன்."

"ஏன்?"

"எதையும் பாக்க முடியலம்மா. அஞ்சு நிமிஷம் பாத்தா யாரு என்ன பேசுனாங்கன்னே மறந்துடுது. காமெடி போட்டாலும் சிரிப்பு வரல. புக்கும் அப்பிடித்தான். கிளாஸுக்குப் போயி ரொம்ப நாளாச்சு." சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "சொன்னா பயந்துப்பீங்கன்னு சொல்லல."

பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் போனையே பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று ஆபீஸில் நாங்கள் பேசாத நாள் இல்லை. நானும் சேர்ந்து பேசியவள்தான். அன்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, இந்தப் பெண் ஒரு மட்டமான காமெடி ஷோவையாவது போட்டு, விடியும்வரை பார்த்து, எதற்கும் உதவாமல் சிரித்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் என்ன பார்க்கிறாள் என்று பயந்த நேரமெல்லாம் அவள் எதையும் பார்க்காமல் கிடந்திருக்கிறாள்.

மறுநாள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். கடலூரிலேயே ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுகிறோம். தலைநரைத்த பெண்மணி, அவசரப்படாமல் பேசுகிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரம் ஒருநாள் காவ்யாவிடம் தனியாகப் பேசுகிறார். வெளியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நானும் இவரும் ஒரே சுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இவர் அந்தத் தொடரின் மிச்சத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படி முடிந்தாலும் அது வேறு வீட்டுப் பெண்ணின் கதை.

எனக்குப் பயம் குறையவில்லை, அக்கா. குறைந்தது என்று உங்களிடம் எழுதினால் நம்பமாட்டீர்கள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் காதைத் தீட்டிக்கொள்கிறேன். மாத்திரை டப்பாவை என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அவள் தூங்கினால் அதிகம் தூங்குகிறாளோ என்று பயம், தூங்காவிட்டால் அதற்கொரு பயம்.

முந்தாநாள் சாயங்காலம் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காவ்யா எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

"ம்மா, எனக்கு இது சரியாயிடுமா?"

ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும் என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்து, உங்களிடமிருந்து கிடைக்காத அதே வார்த்தை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி தூங்கியிருப்பாள். அடுத்த மோசமான நாளில் என்னை நம்பியிருக்கமாட்டாள்.

"தெரியல பாப்பா" என்றேன். "போன வாரம் நீ குளிக்கறதுக்கே எழுந்திரிக்கல. இந்த வாரம் எழுந்திரிச்ச. நேத்து சாம்பார்ல புளி ஜாஸ்தின்னு அப்பாகிட்ட சண்ட போட்ட. நான் பார்த்தது அவ்ளோதான்."

"சண்டையெல்லாமா கணக்கு?"

"எனக்குக் கணக்குதான்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அந்தத் தலையணை உறையை மடித்து முடித்து என் பக்கம் தள்ளினாள். இன்னொன்றை எடுத்தாள்.

இப்போது இதை எழுதும்போது அவள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. காபி ஆறிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் டம்ளரோடு அந்தக் கதவுக்கு வெளியே வந்ததும் என் கால் நின்றுவிடுகிறது. இன்றைக்கு எழுந்திருப்பாளா, பேசுவாளா, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாளா என்று எனக்கு முன்னால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல யாரும் இல்லை. நான்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டம்ளரை எடுத்துக்கொண்டேன். போய்த் திறக்கிறேன், அக்கா.

உமா